ஆரத்தைத் திருகுங்கள், வடிவம் தானே வரும்

என் ஸ்கெட்ச் கோப்புகளில் எதைத் திறந்தாலும் இந்த இரண்டு வரி எங்காவது இருக்கும்:

எக்ஸ் = நடுஎக்ஸ் + ஆரம் × காஸ்(கோணம்)
ஒய் = நடுஒய் + ஆரம் × சைன்(கோணம்)

பூ, சுருள், கடிகாரம், அலை, விதைக்குவியல் என்று எதை வரைந்தாலும் இவை மாறுவதில்லை. ஆரத்துக்கும் கோணத்துக்கும் என்ன மதிப்பு கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது. படம் போடுவதற்காக நிரல் எழுதுபவருக்குக் கோணவியலில் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை என்பது என் கட்சி. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம்.

நான் எழுதுவது பி5.ஜேஎஸ்ஸில், அதாவது படம் வரைவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில். அதற்கு முன்னோடியான பிராசஸிங்கை கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கினார்கள். நீங்கள் பைத்தானிலோ வேறு எதிலோ எழுதினாலும் கணக்கு ஒன்றுதான். கீழே நிரல் வரிகளைத் தமிழிலேயே கொடுத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தான் 3உம் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். சார்புகளின் பெயரையும் பெருக்கல் குறியையும் மட்டும் உங்கள் மொழிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: நான் வரைவதில் பெரும்பகுதி பேனா பிளாட்டர் (பேனாவைப் பிடித்துக் கோடு இழுக்கும் இயந்திரம்) வழியாகக் காகிதத்துக்குப் போகும். திரையில் கண்ணுக்குப் படாத சின்னச் சின்னப் பிசிறெல்லாம் மையில் பல்லிளிக்கும் என்பதால், அதைப் பற்றியும் நடுநடுவே புலம்புவேன்.

திசையும் தூரமும்

சாதாரணமாக ஒரு புள்ளியை "வலப்பக்கம் இவ்வளவு, கீழே இவ்வளவு" என்று குறிக்கிறோம். துருவ ஆயங்களில் அதே புள்ளியை "இந்தப் பக்கம் திரும்பு, இவ்வளவு தூரம் நட" என்று சொல்கிறோம், தெரியாதவருக்கு வழி காட்டுவது போல. திரும்புவது கோணம், நடப்பது ஆரம். ஆனால் திரைக்கு இந்தப் பேச்சு புரியாது. அதற்கு எக்ஸ், ஒய்தான் வேண்டும். மேலே உள்ள இரண்டு வரி செய்வது அந்த மாற்று வேலையைத்தான்.

செங்கோண முக்கோணம், எதிர்ப்பக்கம், கர்ணம் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். நீங்கள் பார்க்கும் திசையில் பக்கவாட்டுப் பங்கு எவ்வளவு என்பது காஸ், மேல்கீழ்ப் பங்கு எவ்வளவு என்பது சைன். நேரே வலப்பக்கம் பார்த்தால் காஸ் 1, சைன் 0. நேர் கீழே பார்த்தால் காஸ் 0, சைன் 1. இந்த அளவு புரிந்தால் மீதி தானாகப் பிடிபடும்.

நேர் கீழே பார்த்தால் எப்படி சைன் 1 என்று கேட்பீர்கள். பள்ளிப் புத்தகத்தில் ஒய் அச்சு மேல்நோக்கி வளரும். திரையில் அது கீழ்நோக்கி வளரும். அதனால் கோணம் கூடக்கூடப் புள்ளி கடிகாரச் சுற்றில் நகரும். இதைச் சரிசெய்கிறேன் என்று ஒய்க்கு முன்னால் கழித்தல் குறி போடுபவர்கள் உண்டு. வேண்டாம். திரையின் வழக்கத்துக்கு நாம் பழகிவிடுவதே நல்லது. இல்லையென்றால் சுழற்றும் கட்டளை ஒரு பக்கமும் நம் கணக்கு மறுபக்கமும் இழுக்கும்.

கோணம் 0 என்பது கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடம். 12 மணியிலிருந்து தொடங்க வேண்டுமானால் கால் சுற்றைக் கழியுங்கள்.

ரேடியனைப் பற்றி: ஒரு முழுச் சுற்று 360 பாகை அல்லது 6.28318 ரேடியன். ஒரு ரேடியன் சுமார் 57.3 பாகை. ஆரத்தின் நீளத்துக்கு ஒரு நூலை எடுத்து வட்டத்தின் ஓரத்தில் வளைத்து ஒட்டினால் அது மையத்தில் பிடிக்கும் கோணம்தான் ஒரு ரேடியன். ஆர்யபடர் 499இல் எழுதிய நூலின் சைன் அட்டவணை 3438 என்ற ஆரத்தை வைத்து அமைந்தது. வட்டத்தை 360 × 60 = 21,600 கலைகளாகப் பிரித்து, அதே அலகில் ஆரத்தை அளந்தால் 3438 வரும். 3438ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள்: 57.3. அடிப்படை யோசனை அவ்வளவு பழையது.

நடைமுறையில் நான் பாகையிலும் நினைப்பதில்லை, ரேடியனிலும் நினைப்பதில்லை, சுற்றுக்கணக்கில் நினைக்கிறேன். மேலே ஒரு மாறி:

சுற்று = 6.283185307

பிறகு கால் சுற்று என்றால் 0.25 × சுற்று, பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் சுற்று / 12. தலையில் மாற்றிப் போட வேண்டியதே இல்லை. பி5இல் கோண அலகைப் பாகைக்கு மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் அது பி5இன் சொந்த சைனையும் காஸையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ஜாவாஸ்கிரிப்ட்டின் கணித நூலகத்தில் உள்ள சைன் எப்போதும் ரேடியனையே எதிர்பார்க்கும். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, படம் மட்டும் கோணலாக வரும். அந்த வகைத் தவறைத் தேடுவதுதான் மகா கொடுமை.

முதல் வட்டம்

400க்கு 400 கேன்வாஸ், நடு 200, 200. ஆரம் 150. பன்னிரண்டு புள்ளி வைப்போம்.

ஐ = 0 முதல் 11 வரை:
    கோணம் = ஐ × சுற்று / 12
    எக்ஸ் = 200 + 150 × காஸ்(கோணம்)
    ஒய் = 200 + 150 × சைன்(கோணம்)
    புள்ளி(எக்ஸ், ஒய்)

முதல் புள்ளி (350, 200). அடுத்தது 30 பாகையில்: காஸ் 0.866, சைன் 0.5, ஆகவே (329.9, 275). நான்காவது புள்ளி 90 பாகையில்: (200, 350), நேர் கீழே. இப்படி இரண்டு மூன்று புள்ளிகளை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு வரிகள் மேல் நம்பிக்கை வரும்.

லூப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஐ முழு எண். கோணத்தை அதிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறேன். பல உதாரண நிரல்களில் கோணத்தையே லூப்பில் ஓடவிட்டு 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போவார்கள். அது முழுச் சுற்றில் சரியாக முடியாது. கடைசிப் புள்ளி 6.2இல் விழும், சுற்று முடிய 0.083 ரேடியன் பாக்கி. ஆரம் 150 என்றால் 12.5 பிக்சல் இடைவெளி. வடிவத்தை மூடும் கட்டளை கொடுத்தால் அந்த இடம் நேர்கோட்டில் அடைபடும், திரையில் தப்பித்துக்கொள்ளலாம். பிளாட்டர் வரைந்த பெரிய வட்டத்தில் அந்த ஒரு இடம் மட்டும் மழுங்கித் தெரியும்.

ஆரம் ஒரு எண்ணாகவே இருக்க வேண்டுமா?

இங்கேதான் விளையாட்டே ஆரம்பிக்கிறது. ஆரத்தைக் கோணத்தைப் பொறுத்து மாறவிடுங்கள்:

ஆரம் = 150 + 20 × சைன்(8 × கோணம்)

வட்டத்தின் ஓரத்தில் எட்டு மேடும் எட்டுப் பள்ளமும் வரும். 150 என்பது அடிப்படை அளவு, 20 என்பது அலையின் உயரம், 8 என்பது எத்தனை அலை. மூன்று திருகு, மூன்றையும் தனித்தனியாகத் திருகலாம். சுட்டியின் இருப்பிடத்தை இவற்றில் ஒன்றோடு இணைத்துவிட்டு நகர்த்திப் பாருங்கள், பத்து நிமிடம் போவது தெரியாது.

அலையின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும். 8.3 என்று கொடுத்தால் ஆரம் 150இல் தொடங்கிச் சுற்று முடியும்போது 169இல் நிற்கும். அங்கே ஒரு படிக்கட்டு. 8.5 இன்னும் தந்திரமானது. தொடக்கமும் முடிவும் 150லேயே சந்தித்துவிடும், ஆனால் ஏறிக்கொண்டே புறப்பட்ட கோடு இறங்கிக்கொண்டே வந்து சேரும். ஓட்டை இல்லை, ஆனால் ஒரு கூர் மூலை விழும். சில சமயம் அதுவே அழகாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றுக்கு மேல் ஒன்றாக அலைகளை அடுக்கலாம்: 3 அலைக்கு 25 உயரம், 7 அலைக்கு 8 உயரம், 16 அலைக்கு 3 உயரம். கூழாங்கல் மாதிரியான உருவம் வரும். வேகமாகத் துடிக்கும் அலைக்குக் குறைவான உயரம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் சம உயரம் கொடுத்தால் உருவம் முள்ளாகக் குத்தும்.

இனி அடிப்படை 150ஐயும் தூக்கிவிடுங்கள்:

ஆரம் = 200 × காஸ்(கே × கோணம்)

இதுதான் ரோஜா வளைவு. இத்தாலியரான குயிடோ கிராண்டி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தது. கே 5 என்றால் ஐந்து இதழ். கே 4 என்றால் எட்டு இதழ்! ஒற்றைப்படைக்கு அதே எண்ணிக்கை, இரட்டைப்படைக்கு இருமடங்கு. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, காரணத்தைப் பாருங்கள். காஸ் எதிர்ம மதிப்புக்குப் போகும்போது ஆரமும் எதிர்மம் ஆகிறது. எதிர்ம ஆரம் என்றால் முகம் ஒரு பக்கம், நடை பின்பக்கம். புள்ளி மையத்துக்கு மறுபுறம் விழும். கே ஒற்றைப்படையானால் அப்படி விழும் இதழ்கள் ஏற்கெனவே இருக்கும் இதழ்கள் மேலேயே படியும். இரட்டைப்படையானால் இடைவெளிகளில் விழுந்து புதிய இதழ்களாகும். சோதிக்க எளிய வழி: காஸின் குறியை நீக்கித் தனிமதிப்பாக்குங்கள். கே 5க்குப் பத்து இதழ் வந்துவிடும்.

பிளாட்டர்காரர்களுக்கு இது வெறும் கணக்கு விஷயமல்ல. ஐந்து இதழ் ரோஜாவை முழுச் சுற்று ஓட்டினால் பேனா ஒவ்வொரு இதழையும் இரண்டு முறை வரையும். மை இரட்டிப்பாகி ஊறும், மெல்லிய காகிதம் கிழியும். ஒற்றைப்படைக்கு அரைச் சுற்று போதும்.

கேயைப் பின்னமாகவும் கொடுக்கலாம்: 3/2, 5/3, 7/4 என்று. சுருக்கிய பின்னத்தின் கீழ் எண் எத்தனையோ அத்தனை முழுச் சுற்று ஓட்டினால் வளைவு கட்டாயம் மூடிக்கொள்ளும். 7/4க்கு நான்கு சுற்று. புள்ளிகளின் எண்ணிக்கையையும் அதற்கேற்பக் கூட்டுங்கள், இல்லையென்றால் இதழ் முனைகள் வெட்டுப்பட்டதுபோல் இருக்கும்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது பீட்டர் மாரர் 1987இல் முன்வைத்த விளையாட்டு. ரோஜாவின் மேல் வரிசையாகப் போகாமல் தாவித் தாவிப் போய்க் கோடு இழுப்பது:

ஐ = 0 முதல் 360 வரை:
    கோணம் = ஐ × 71 × சுற்று / 360
    ஆரம் = 200 × சைன்(6 × கோணம்)
    முந்தைய புள்ளியோடு கோட்டால் இணை

ஒவ்வொரு தாவலும் 71 பாகை. 71க்கும் 360க்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால் 360 தாவல் முடிந்த பிறகே தொடங்கிய நிலைக்குத் திரும்பும். நடுவில் சரிகை நெசவு மாதிரி ஒரு பின்னல் விழும், அதுவும் பேனாவை ஒருமுறைகூடத் தூக்காமல். இப்போது 71ஐ 72 ஆக்குங்கள். ஐந்து தாவலில் 360 வந்துவிடும். முழுப் பின்னலும் ஐந்தே புள்ளிக்குச் சுருங்கிப்போகும். நிரலில் மாறியது ஓர் இலக்கம். 29, 47, 97 என்று கொடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

சுருளும் பரவலும்

கோணம் கூடும்போதே ஆரத்தையும் சீராகக் கூட்டினால் ஆர்க்கிமிடீஸ் சுருள். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூரியகாந்தி விதை அடுக்குதான் சுவையானது. 1979இல் ஹெல்முட் ஃபோகல் கொடுத்த வாய்பாடு:

கோணம் = என் × 137.508 பாகை
ஆரம் = 8 × வர்க்கமூலம்(என்)

என் 0 முதல் 600 வரை ஓடட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வட்டம். விதைகள் இடைவெளி விடாமல் அடுக்கிக்கொள்ளும். 137.508 என்பது முழுச் சுற்றைப் பொன் விகிதத்தில் பிரித்தால் கிடைக்கும் சிறிய பங்கு. 137.3 என்று மாற்றினாலே விதைகள் கைகளாகப் பிரிந்து நடுவில் வெற்றிடங்கள் தெரியும். 0.2 பாகைக்கு இவ்வளவு கோபம்.

வர்க்கமூலம் எதற்கு? வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி ஆரத்துக்குள் கால்பங்கு பரப்புதான் இருக்கிறது. விதைக்கு விதை சம இடம் வேண்டுமானால் பரப்பு சீராகக் கூட வேண்டும். அப்போது ஆரம் வர்க்கமூலமாகத்தான் கூட முடியும். இதே காரணத்தால் வட்டத்துக்குள் தற்செயலாகப் புள்ளிகளைத் தூவும்போதும் ஆரத்தை நேராகத் தற்செயல் எண்ணால் பெருக்காதீர்கள். பாதிப் புள்ளிகள் அந்தக் கால்பங்குப் பரப்பிலேயே போய் நெரிசலாகும். 0க்கும் 1க்கும் இடையே வரும் தற்செயல் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, பிறகு ஆரத்தால் பெருக்குங்கள்.

திரும்பி வரும் வழி

சில சமயம் எக்ஸ், ஒய் கையில் இருக்கும், கோணம் வேண்டும். சுட்டி போகும் பக்கமெல்லாம் திரும்பும் கண், இலக்கை நோக்கிப் பாயும் அம்பு போன்றவற்றுக்கு. ஏடான்2 என்ற சார்பு இருப்பது அதற்காகத்தான்:

கோணம் = ஏடான்2(சுட்டிஒய் − கண்ஒய், சுட்டிஎக்ஸ் − கண்எக்ஸ்)

முதலில் ஒய், பிறகு எக்ஸ். வரிசை தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான். வெறும் ஏடானைத் தொடாதீர்கள். அதற்கு இடமும் வலமும் தெரியாது.

விடை அரைச் சுற்றின் எதிர்மத்திலிருந்து அரைச் சுற்று வரை இருக்கும். கண்ணை மெதுவாகத் திருப்ப நினைத்து இரண்டு கோணங்களைக் கழிக்கும்போதுதான் சிக்கல் வரும். இப்போது 179 பாகை, இலக்கு −179 பாகை என்றால் நிஜ வித்தியாசம் 2 பாகை. கழித்தால் −358 வரும். கண் முழுச் சுற்று பின்னால் சுழன்று போய்ச் சேரும், பேய் பிடித்த மாதிரி. மருந்து ஒரே வரி:

வித்தியாசம் = ஏடான்2(சைன்(வி), காஸ்(வி))

வி என்பது நேரடியாகக் கழித்து வந்த வித்தியாசம். அதை ஒரு திசையாக்கித் திரும்பவும் கோணமாக்கினால் குறுக்கு வழி தானாகக் கிடைக்கும்.

இங்கேயே இன்னொன்று. நூலகத்தில் சுழற்று, நகர்த்து என்ற கட்டளைகள் இருக்கும்போது சைனும் காஸும் எதற்கு என்று கேட்கலாம். ஒரே உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பதிக்க வேண்டுமானால் சுழற்றும் கட்டளையே சுகம். ஒரு புள்ளியை இன்னொன்றோடு கோட்டால் இணைக்க வேண்டும், மோதுகிறதா என்று பார்க்க வேண்டும், பிளாட்டருக்குப் பட்டியலாக அனுப்ப வேண்டும் என்றால் எண்கள் கையில் வேண்டும்; அப்போது இந்த இரண்டு வரிதான்.

அசைவு

சைனைக் கோணத்துக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும் போடலாம்.

அளவு = 60 + 15 × சைன்(சுற்று × நேரம் / 4)

நான்கு நொடிக்கு ஒருமுறை வீங்கிச் சுருங்கும். நேரத்தைக் கடிகாரத்திலிருந்து எடுங்கள், ஃபிரேம் எண்ணிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். கணினி திணறினால் அசைவும் சேர்ந்து திணறும். நிறைய உருவங்கள் இருந்தால் ஒவ்வொன்றின் சைனுக்குள்ளும் அதன் வரிசை எண்ணை 0.3ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஒன்றாகத் துடித்தவை எல்லாம் அலையாக ஓடத் தொடங்கும்.

எக்ஸுக்கும் ஒய்க்கும் வெவ்வேறு வேகம் கொடுத்தால், 3க்கு 2 என்பதுபோல, லிசாஜூ வளைவு. அதிகம் விளக்காமல் விடுகிறேன், எண்களை மாற்றினாலே புரிந்துவிடும்.

முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும் அசைவு வேண்டுமா? கென் பெர்லினின் இரைச்சல் சார்பு (அடுத்தடுத்த இடங்களுக்கு நெருங்கிய மதிப்புகளைத் தரும் தற்செயல் எண் சார்பு), அவருக்கு 1997இல் ஆஸ்கர் தொழில்நுட்ப விருது வாங்கிக் கொடுத்ததே அதுதான், இங்கே கைகொடுக்கும். இரைச்சலை நேர்கோட்டில் படித்தால் தொடங்கிய மதிப்புக்குத் திரும்பாது. அதன் மேல் ஒரு வட்டத்தில் நடங்கள்:

தள்ளல் = இரைச்சல்(10 + வீச்சு × காஸ்(கோணம்), 10 + வீச்சு × சைன்(கோணம்))

வட்டம் மூடுவதால் மதிப்பும் மூடும். வீச்சு என்பது நாம் நடக்கும் அந்த வட்டத்தின் ஆரம்: 0.5 என்றால் மெல்லிய நெளிவு, 3 என்றால் கரடுமுரடு. அந்த 10 எதற்கென்றால், பி5இன் இரைச்சல் எதிர்ம எண்களைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். நடுவை 0இல் வைத்தால் உங்கள் உருவம் இடமும் வலமும், மேலும் கீழும் ஒன்றுபோலவே வந்து நிற்கும். வீச்சைவிடப் பெரிய எண் ஏதாவது கூட்டினால் போதும்.

கோணத்தின் இடத்தில் நேரத்தைப் போட்டால் இதே வரி ஜிஃப்புக்கும் பொருந்தும். 120 ஃபிரேம் என்றால் கோணம் = ஃபிரேம் × சுற்று / 120; இங்கே மட்டும் ஃபிரேம் எண்ணையே நம்புங்கள், கடிகாரம் வேண்டாம். ஃபிரேம் 0 முதல் 119 வரை சேமியுங்கள். 120ஆவதும் 0ஆவதும் ஒரே படம்; அதையும் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அசைவு ஒரு நொடித்துணுக்கு தயங்கி நிற்கும்.